பன்னிரண்டு மணி நேரம்

“இன்னைக்காவது கையெழுத்துப் போட்டுடுங்க மேடம். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோட லைசென்ஸ் கவுன்சில்ல இந்த வருஷத்து விண்ணப்பம் வாங்குறதை நிறுத்திடுவாங்க.”

பேச்சுப் பயிற்சி அறையில் குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்தபடி கேட்டாள் அவள்.

மேடம் அவளுடைய விண்ணப்பக் கோப்பைத் திறக்கவில்லை. மூன்று வாரமாக அது மேஜையின் அதே மூலையில்தான் கிடக்கிறது. “தண்ணி குடிக்கிறீங்களாக்கா?” என்றார்.

மேடம் அவளைவிடப் பதினாறு வயது சின்னவர். பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் படித்து முடித்து வந்தவள் அவள். லைசென்ஸ் உள்ள ஒரு சீனியரின் மேற்பார்வையில் ஆயிரம் மணி நேரம் வேலை பார்த்து, அவரிடம் கையெழுத்தும் வாங்கினால்தான் பேச்சுப் பயிற்சியாளர் லைசென்ஸ் கிடைக்கும்.

“பேசறதுக்கு லைசென்ஸா? நீதான் கல்யாணம் ஆனதிலிருந்து லைசென்ஸ் இல்லாமலே பேசிட்டிருக்கியே!” என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆனால் தினமும் பஸ் ஸ்டாப் வரை பையைத் தூக்கிக்கொண்டு வருவதும் அவர்தான். லைசென்ஸ் வந்துவிட்டால் அடுத்த மாதமே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தயாராக இருந்தது.

“தண்ணியெல்லாம் வேண்டாம் மேடம். கையெழுத்து…”

மேடம் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். திரும்பவும் மாட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “நேத்து உங்க மணிக்கணக்கு நோட்டை ஒவ்வொரு பக்கமாப் பார்த்தேன்” என்றார்.

போச்சு, கண்டுபிடித்துவிட்டார்.

“அன்னன்னிக்கே எழுதணும், அஞ்சு நிமிஷம்கூட முன்னே பின்னே இருக்கக்கூடாதுன்னு உங்களை எப்படியெல்லாம் விரட்டியிருக்கேன்…”

“போதும் மேடம்.” காது மடல் வரை சுட்டது அவளுக்கு. “நானே சொல்லிடறேன். பக்கவாதம் வந்து பேச்சு போச்சே, அந்த ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர்… அவர் கடைசி ஆறு தடவை வரவே இல்லை.”

மேடம் சட்டென்று திரும்பினார். “வரலையா?”

“படம் போட்ட அட்டையெல்லாம் பரப்பி வெச்சுட்டு, ரெண்டு ரெண்டு மணி நேரம் வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். நோட்டுல பயிற்சி கொடுத்ததா எழுதிட்டேன். அதோட விட்டேனா? மகள் பேரைத் திக்காமச் சொன்னார்னு வேற கதை கட்டினேன். மொத்தம் பன்னெண்டு மணி நேரம் மேடம், அத்தனையும் பொய்.”

“ஏன்க்கா அப்படிப் பண்ணீங்க?”

“ஆயிரத்துக்குப் பன்னெண்டுதான் குறைஞ்சுது. என் பொண்ணு வயசுப் பிள்ளைங்களோட உட்கார்ந்து பரீட்சை எழுதினவ நான். கரைக்குப் பக்கத்துல வந்துட்டு இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க மனசு வரலை.”

அவள் தரையைப் பார்த்தாள். அந்தப் பெரியவரின் மகள் எதிரே வந்து நின்று, ‘எங்கப்பா என் பேரைச் சொன்னாரா?’ என்று கேட்பது போல இருந்தது. கூசிப் போனாள்.

“கையெழுத்து வேண்டாம் மேடம். அந்தப் பன்னெண்டு மணி நேரத்தையும் மறுபடி ஒழுங்காச் செஞ்சுட்டு அடுத்த வருஷம் விண்ணப்பம் போடறேன். பள்ளிக்கூட வேலை போனாப் போகட்டும். என்னை மட்டும் கேவலமா நினைச்சுடாதீங்க.”

மேடம் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவள் நாற்காலிக்கு எதிரே, அவளைவிடத் தாழ்வாக, வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

“பன்னெண்டை மட்டும் மறுபடி செஞ்சாப் போதாதுக்கா. ஆயிரத்தையும் செய்யணும்.”

“அவ்வளவு பெரிய தண்டனையா மேடம்?”

“உங்களுக்கு எதுக்குக்கா தண்டனை?” மேடம் தலையை நிமிர்த்தவே இல்லை. “மூணு வாரத்துக்கு முன்னாடி உங்க ஃபாரத்தைப் பூர்த்தி செய்யறதுக்காகத்தான் என் லைசென்ஸை எடுத்துப் பார்த்தேன், நீங்க இங்க வந்து சேர்றதுக்கு முன்னாடியே அது காலாவதி ஆயிருக்கு.”