காலியாக விட்ட வட்டம்

ஹவாய்த் தீவின் ஹிலோ நகரில் வெயிலும் தூறலும் சேர்ந்தே விழுகின்றன. வாக்குப் பெட்டிக்குப் பக்கத்தில், வண்டியின் பானட்மேல், அஞ்சலில் வந்த வாக்குச்சீட்டை விரித்துவைத்துப் பார்க்கிறார் கைப்போ, என் மனைவி மோமியின் அண்ணன். பெண்ணும் பெண்ணுமா என்று எங்கள் கல்யாணத்துக்கு வராத தேவாலய மூப்பர். சீட்டு நனையாமல் மோமி குடை பிடிக்கிறாள்; அவள் முதுகு நனைகிறது. சாலையோரம் எங்களைப் போன்றவர்கள் கல்யாணத்துக்கு ஆதரவாகப் பதாகை ஆட்டுகிறவர்களுக்கு, போகிற வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. "இந்த மாதிரிக் கல்யாணத்தத் தடுக்குற அதிகாரத்த அரசியல் சட்டத்துலேர்ந்து எடுத்துரலாமான்னு கேட்டிருக்கான். எதுக்கு வம்புன்னு காலியா விட்டுட்டேன். உனக்கு எதிரா போடலடி" என்கிறார். "காலியா விட்டாலும் இங்க வேண்டாம்னுதான் அண்ணே கணக்கு" என்கிறாள் மோமி. அவர் பேனாவைத் திறக்கிறார், மூடுகிறார். "உங்க கல்யாணம் ஆன இந்தப் பதினோரு வருஷமா நான் ஒண்ணும் சொல்லலயே. அதையும் அப்படித்தான் எடுத்துக்கிட்டியா?" "வேற எப்படி எடுத்துக்குறது?" பானட்மேல் மழைத்துளிகள் மினுங்குகின்றன. அவர் 'ஆம்' வட்டத்தை நிரப்புகிறார், சீட்டின் மறுபக்கத்தில் தடம் தெரியுமளவு அழுத்தி. சீட்டை உறையில் போட்டு ஒட்டி, கையெழுத்திட்டு, பெட்டிக்குள் தள்ளுகிறார். எங்களையும் ஏற்றிக்கொண்டு, பதாகைக்காரர்களைக் கடக்கும்போது ஹாரனில் கை வைக்கிறார். தெரு முடிந்த பிறகும் கையை எடுக்க மாட்டேன் என்கிறார் மனிதர்.