லண்டனில் ஏது அசோசியேஷன்?

"மேடம், நீங்க இவரை விரட்டணும். சமாதானம் பண்ணக் கூடாது," என்றாள் சௌம்யா. ஒத்திகை ஆரம்பித்த நாளிலிருந்து இதே பாட்டுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி. ஆண்டு விழாவுக்கு சௌம்யா எழுதி இயக்கும் நாடகம், போர்க்கால லண்டனில் நடக்கிறது. குண்டு விழும்போது ஓர் இந்தியக் கப்பல் தொழிலாளி, வெள்ளைக்கார அம்மாள் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். "உன் நிறத்து ஆளுக்கு இங்கே இடமில்லை, வெளியே போ" என்று விரட்டுகிறாள். அப்புறம் மனசு மாறிக் கதவைத் திறக்கிறாள்.

வெள்ளைக்கார அம்மாளாகப் பர்ச்சேஸ் மேனேஜர் நாகவல்லி. அந்த ஒரு வசனம் மட்டும் அவருக்கு வாயில் வரமாட்டேன் என்றது.

"ஒரு மனுஷனை வாசல்ல நிக்க வெச்சு இப்படிச் சொல்ல எப்படிம்மா மனசு வரும்?" என்று கண் கலங்கினார்.

தங்கமான மனசு என்றார்கள் எல்லோரும். நடிப்புக்குக்கூட இப்படிப் பேச வராத ஆளை இந்தக் காலத்தில் எங்கே பார்க்கிறது, சொல்லுங்கள்.

கப்பல் தொழிலாளியாக நடித்த ராஷித்துக்கு நாடகக் கவலையே இல்லை. அக்கவுண்ட்ஸில் வேலை. பூந்தமல்லியில் அவன் குடியிருந்த வீட்டை ஓனர் விற்றுவிட்டார். மாசக் கடைசிக்குள் காலி பண்ணியாக வேண்டும். மனைவி சைமாவுக்கு ஒன்பதாம் மாசம். போய்க் கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள்.

நாகவல்லி மேடத்துக்கு நூம்பலில் ஒரு ஃப்ளாட் சும்மா பூட்டிக் கிடந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டான்.

"நாடகம் முடியட்டும் ராஷித், சொல்றேன்," என்றார் மேடம்.

விழா அன்று மேக்கப் போடும்போதே சைமாவின் போன்.

"மேடம் இன்னா சொன்னாங்க?"

"இன்னும் சொல்லல. திரும்பத் திரும்பக் கேட்டா கோச்சுக்குவாங்க சைமா. நீ டென்ஷன் ஆவாத."

போனை வைத்துவிட்டு மேடைப் பக்கம் போனான்.

திரை விலகியது. சைரன் ஊதியது. ராஷித் கதவைத் தட்டினான்.

"அம்மா, குண்டு விழுது. தங்க இடம் கொடுங்கம்மா."

மேடம் வந்தார். வாயைத் திறந்தார். வசனம் வரவில்லை.

வசனம் மறந்தால் எடுத்துக் கொடுக்கப் பக்கத்துத் திரை மறைவில் நின்ற வெற்றிச்செல்வன் அடியெடுத்துக் கொடுத்தான். அந்த சைரன் சத்தத்தில் யார் காதில் விழும்? சௌம்யாவுக்கு உயிரே போயிற்று.

ராஷித்தே சமாளித்தான். "கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்கம்மா. எங்கேயும் இடம் இல்லேன்னுட்டாங்க."

மேடத்துக்கு சட்டென்று பேச்சு வந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நான் அதெல்லாம் பாக்கிற ஆளே இல்ல. ஃப்ளாட் அசோசியேஷன்லதான் ஒத்துக்க மாட்டாங்க. உங்க ஆளுங்க இருக்கிற ஏரியாவாப் பாத்துக்கோங்களேன். உங்களுக்கும் அதுதானே வசதி?"

ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை.

லண்டனில் ஏது அசோசியேஷன்? அரங்கமே சிரித்தது.

ராஷித் சிரிக்கவில்லை. இந்தப் பேச்சை அவன் எத்தனையோ வாசலில் கேட்டிருக்கிறான். இப்போது அவனுக்கும் வசனம் மறந்துபோனது.

"பரவாயில்லீங்க மேடம்," என்று சொல்லித் திரும்பி நடந்தான்.

கடைசிக் காட்சியில் மேடம் கதவைத் திறந்தார். அவன் கையைப் பிடித்து, "இனிமே இது உன் வீடு" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

"மறந்த இடத்துல எப்படி மேடம் சமாளிச்சீங்க? அவ்வளவு இயல்பா இருந்துச்சு," என்று சௌம்யா கட்டிக்கொண்டாள். மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு, ராஷித் நின்ற பக்கம் பார்க்காமல் காருக்குப் போனார்.

மறுபடி சைமாவின் போன்.

"நாடகம் முடிஞ்சிருக்குமே. மேடம் ஊடு தந்தாங்களா?"

ராஷித் முகத்து மேக்கப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"தந்தாங்க சைமா. நாடகத்துல."