நாலாவது கொட்டேஷன்

“ரிஜெக்ட்,” என்று கொட்டேஷன் தாளை மடித்து டீப்பாய் மேல் போட்டார் இன்பசேகரன். கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்த ஜன்னல்காரருக்கு அது நிச்சயம் காதில் விழுந்திருக்கும்.

அவர் மனைவி கிரேஸி தாளை எடுத்து விரித்துப் பார்த்தாள். வேலூர் ஆஸ்பத்திரியில் டூட்டி முடித்து, ஆம்பூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள். இன்னும் புடவைகூட மாற்றவில்லை.

இது மூன்றாவது ஆள். இன்பசேகரன் ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் குவாலிட்டி செக்கராக இருந்தவர். ஒரு தையல் தள்ளி விழுந்திருந்தால் ஜோடியையே ஒதுக்கிவிடுவார். ரிட்டையரான பிறகு அந்தக் கண் மனுஷர்கள் பக்கம் திரும்பிவிட்டது.

முதலில் வந்தவன் டேப்பைச் சரியாகப் பிடிக்கவில்லை. அடுத்தவன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இப்போது போனவர், கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டார். மூன்று பேரிடமும் பேர், ஊர், அப்பா பேர் என்று சம்பந்தம் பேச வந்தவர்களைப்போல விசாரித்துவிட்டுத்தான் அனுப்பினார்.

மர ஜன்னல்களையோ கரையான் அரித்திருந்தது. ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். மழை பெய்தால் சாரல் கட்டில் வரை வரும். காற்று திரும்பினால் தோல் கம்பெனி வாடை சமையலறை வரை வரும்.

“யாரையாவது வெச்சி முடிங்க. இனிமே ஆள் தேட எனக்குத் தெம்பு இல்ல,” என்றாள் கிரேஸி.

“அப்ப நீயே ஒரு ஆளைப் பாத்துக் கூட்டினு வாயேன்,” என்றார் அவர்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கிரேஸி மகளுக்குப் போன் செய்தாள். ஹெப்சி ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு மூன்று வருஷம் ஆகிறது. அவள் பேச்சே வீட்டில் கூடாது என்று அன்றைக்குச் சொன்னவர்தான் இன்பசேகரன். மருமகன் பேரைக் கேள்விப்பட்டதோடு சரி, முகத்தைப் பார்த்ததில்லை. அவனுக்கு வாணியம்பாடியில் ஜன்னல் கடை.

“அவரையே அனுப்பறேம்மா. கடை பேரை மட்டும் சொல்லட்டும்,” என்றாள் ஹெப்சி.

“அப்பாவுக்குத் தெரிஞ்சிச்சுன்னா?”

“தெரிஞ்சா தெரியட்டும்மா. ஆஸ்பத்திரி கேன்டீன்ல ஒளிஞ்சி ஒளிஞ்சி உன்னைப் பாக்கறது எனக்கும் அலுத்துப்போச்சு.”

சனிக்கிழமை காலை அவன் வந்து நின்றான். “வாங்க தம்பி,” என்று யாரோ ஓர் ஆளிடம் சொல்வதுபோல் சொன்னாள் கிரேஸி. குரல் மட்டும் கொஞ்சம் உடைந்தது.

“எங்கேர்ந்து வர்றீங்க?” என்றார் இன்பசேகரன்.

“வாணியம்பாடி சார்.”

“ம்.” அதோடு விட்டுவிட்டார். பேரைக்கூடக் கேட்கவில்லை. கிரேஸி மனசுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

அவன் நீளம், அகலம் எடுத்தான். பிறகு மூலைக்கு மூலை குறுக்காகவும் டேப்பை நீட்டினான்.

“இது எதுக்கு?”

“சுவர் நேரா இல்ல சார். குறுக்கால பாக்காம செஞ்சா ஃப்ரேம் உக்காராது. ஓரத்துல தண்ணி எறங்கும்.”

இன்பசேகரன் போய் டேப்பின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டார்.

ஹாலும் படுக்கையறையும் முடிந்தன. உள்ளறைப் பக்கம் திரும்பியதும் கிரேஸி அவசரமாக, “அது வேணாம். யாரும் இல்லாத ரூம்,” என்றாள். அதற்குள் அவர் கதவைத் தள்ளிவிட்டார். சுவரில் ஹெப்சியின் பள்ளிக்கூட யூனிஃபார்ம் படம். அவன் அதைப் பார்த்தபடி நின்றதில் டேப் கைநழுவிச் சரக்கென்று சுருண்டது.

“இங்க இன்னா போடலாம்?” என்றார் இன்பசேகரன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

“ஸ்லைடிங் போட்டா பாதிதான் தொறக்கும் சார். கதவு மாதிரி வெச்சா முழுசா தொறக்கும். நல்லா காத்து வரும்.”

“முழுசா தொறக்கறதே போடுங்க.”

ஹாலுக்கு வந்து அவன் கொட்டேஷன் எழுதினான். அந்த ஒரு சொல் எப்போது விழும் என்று கிரேஸி காத்திருந்தாள். இன்பசேகரன் கடைசி வரி வரை படித்துவிட்டுத் தாளைச் சட்டைப் பையில் வைத்தார்.

“எப்ப ஆரம்பிக்கறீங்க?”

“அடுத்த சனிக்கிழமை சார். ரெண்டு நாள் வேலை.”

“மதியம் சாப்பாடு இங்கதான்.”

“பரவால்ல சார். வீட்லேர்ந்து எடுத்தாந்துருவேன்.”

அவர் கேட் வரை கூடவே போனார். கிரேஸி ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் கண்டுபிடிக்கவில்லை. இந்த ஒரு தடவை தப்பியாயிற்று. இன்னும் ரெண்டு நாள் இதே நாடகம் ஆட வேண்டும் என்று நினைத்தபோதுதான் உடம்பு முழுக்க அசதி இறங்கியது.

வெளியே அவன் பைக்கை உதைத்தான். இன்பசேகரன் ஹேண்டில்பாரில் கையை வைத்தார். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ரெண்டு தரம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வர்றப்ப ஹெப்சியையும் கூட்டினு வாங்க, சுஹேல்.”