சைபர் காட்டிய மீட்டர்

லோகநாயகியின் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. புருஷனை அடக்கம் பண்ணிய ஈரம்கூடக் காயவில்லை, இவள் என்னவோ ரேஷன் கடைக்கு வந்தவள் மாதிரி நிற்கிறாளே என்று கம்பெனி வாட்ச்மேன் முணுமுணுத்தான். அழுதால்தான் துக்கம் என்று யார் சொன்னார்களோ.

மாமல்லபுரம் சாலையில் இருக்கிறது அந்த இறால் கம்பெனி. செருப்பைக் கழற்றி, அலமாரியின் கீழ்த்தட்டில் பார்க்காமலேயே தள்ளிவிட்டு விசாரணை அறைக்குள் போனாள். கூடவே பார்த்திபன், அவள் புருஷன் ஆனந்தனோடு வேலை பார்த்த எலக்ட்ரீஷியன். அவன் முகம்தான் பேயறைந்தது போல் இருந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் சம்பத், சென்னை ஆபீசிலிருந்து வந்தவர். இங்கே யாரையும் முன்பின் தெரியாது. அதனால்தான் விசாரிக்க அவரை அனுப்பியிருந்தார்கள்.

"உக்காருங்கம்மா. பார்த்திபன், நீங்க சொல்லுங்க."

"மோட்டார் பேனல்ல ரிப்பேரு சார். மெயின ஆஃப் பண்ணிட்டோம். ஜெனரேட்டர் லைன்ல கரண்டு வந்துகினு இருந்தது எங்களுக்குத் தெரில. அண்ணன் மீட்டர வெச்சிப் பாத்தாரு, சைபர் காட்டிச்சி. கைய வெச்சாரு."



"மீட்டர் கெட்டுப் போயிருக்கு" என்றார் சம்பத். "கரண்ட் இருக்கிற ப்ளக்ல முதல்ல வெச்சுப் பாத்திருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். ட்ரெயினிங்ல அதுதானே முதல் பாடம். ஆனந்தன் அப்படிப் பாத்தாரா?"

"இல்ல சார்."

"அப்ப அலட்சியம்னுதான் எழுதணும்."

லோகநாயகிக்குச் சில நாட்களாக எதுவும் உறைக்கவில்லை. சோறு வாயில் மண்ணாக இருந்தது, யார் அழுதாலும் யாருக்கோ என்றிருந்தது. அலட்சியம் என்ற சொல் மட்டும் எப்படியோ உள்ளே போய்த் தைத்தது.

"அப்பிடி எழுதாதீங்க சார். உங்கப்பா அஜாக்கிரதையா இருந்துதான் செத்தாராமேன்னு எம் பொண்ண இஸ்கூல்ல கேக்குறாங்களாம். வூட்டுக்கு வந்து அது என்னாண்ட கேக்குது."

"வுடுங்க அண்ணி" என்று பார்த்திபன் பதறினான். "சார் எழுதிக்கட்டும். வாங்க, போலாம்."

சம்பத்துக்குச் சுருக்கென்றது. இவன் ஏன் இப்படித் துடிக்கிறான்? மீட்டரைக் கீழே போட்டுக் கெடுத்ததே இவன்தானோ?

"நீங்க எதையாவது மறைக்கிறீங்களா, பார்த்திபன்?"

அவன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். ஏ.சி. அறையில் சட்டை நனைந்து போயிருந்தது.

"அவன ஒண்ணியும் கேக்காதீங்க சார்" என்றாள் லோகநாயகி. "எம் புருஷனுக்கு ரூல் நல்லாவே தெரியும். வேற யாராண்ட மீட்டர் வாங்குனாலும் ப்ளக்ல வெச்சிப் பாக்காம பேனலாண்ட போவ மாட்டாரு. இங்க ஸ்டோர்ல ஓகேன்னு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்தா மட்டும் பாக்க மாட்டாரு."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். ஒரு ஸ்டிக்கர நம்பி யாராவது பேனல்ல கை வெப்பாங்களா?"

"ஸ்டிக்கர நம்பல சார்."

"பின்ன யாரை நம்பினார்?"

வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னைய. செக் பண்ணாமயே அந்த ஸ்டிக்கர ஒட்டுன ஸ்டோர்க்காரி நாந்தான் சார்."