அப்பா பார்த்த கோல்

நேரடி ஒளிபரப்பு என்றாலும் மைதானத்தில் நடப்பது டிவிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தானே வரும்? வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போன வெல்டருக்கு அதுதான் பெரிய தலைவலி. சொந்த ஊர் கால்பந்து அணி கோல் போட்டதும் மைதானத்திலிருந்து அப்பா போனில் “கோல்டா!” என்று கத்திவிடுவார். இவன் வீட்டு டிவியில் பந்து அப்போதுதான் பாதி தூரம் வந்திருக்கும்.

“யப்பா, கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருக்க மாட்டியா?”

“நேர்ல வந்து பாருடா. பக்கத்து சீட்டு சும்மாத்தான் கெடக்கு.”

“அடுத்த மேட்சுக்குக் கண்டிப்பா வரேன்ப்பா.”

ஊரை விட்டு வந்த நாளிலிருந்து இதே பேச்சுதான்.

கடைசி ஆட்டத்தின் இரண்டாம் பாதியிலும் அப்பாவின் போன் வந்தது. “கோல்டா! கோல்!” என்று தொண்டை கிழியக் கத்தினார். இவன் சிரித்துக்கொண்டே டிவியைப் பார்த்தான். பந்து வலைப் பக்கமே போகவில்லை. ஆட்டம் கோலே விழாமல் முடிந்தது.

பிறகு சித்தப்பா கூப்பிட்டார்.

“இடைவேளையிலயே அப்பா உக்காந்தபடியே சரிஞ்சிட்டார்டா. உனக்குச் சொல்ல எனக்குத்தான் தைரியம் வரல. அவர் போன் அப்பலேர்ந்து என் கையிலதான் இருக்கு. ஆஃப் ஆகிக் கெடக்கு.”

அடக்கம் முடிந்து வந்தவன் டிவியைப் போட்டான். இன்னும் அணைக்கவில்லை.

“எப்பவோ முடிஞ்ச மேட்சுங்க. அணைச்சிட்டு சாப்பிட வாங்க” என்றாள் மனைவி.

“இரு. அப்பா பாத்துட்டார். எனக்குத்தான் இன்னும் வரல.”

சோபாவில் பக்கத்து இடத்தைக் காலியாக விட்டே உட்கார்ந்திருக்கிறான். நீங்களே சொல்லுங்கள், அந்த கோல் வந்துவிடும்தானே?