இரட்டைச் சாதனை

துறைமுக இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. சுரங்கங்கள் நிறைந்த பிரதேசம்தான். ஆனாலும் இரும்புத்தாது ஏற்றுமதி ஒரே வருடத்தில் இரட்டிப்பாகும் என்று யார் கண்டார்கள்? கீழே பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள்.

டையைச் சரிசெய்தபடியே உதவியாளரிடம் கேட்டார்: "இறக்குமதியும் எகிறியிருக்கே, அப்படி என்னம்மா வாங்கினோம்?"

"இரும்புத்தாது சார்."

"நம்ம மலையே இரும்பு. நாம எதுக்கும்மா வாங்கணும்?"

"நாம அனுப்பினதுதான் சார். ஈரம் ஜாஸ்தின்னு அத்தனையையும் திருப்பிட்டாங்க. வந்தப்போ இறக்குமதின்னு எழுதினோம். காயவெச்சு மறுபடி அனுப்பினோம், அது புது ஏற்றுமதி."

இயக்குநர் டையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"போகட்டும், இந்தத் தடவையாவது ஏத்துக்கிட்டாங்களா?"

அவள் ஜன்னல் திரையை விலக்கினாள்.

"அதோ, முதல் கப்பல் திரும்பி வருது சார். அடுத்த வருஷமும் நமக்குச் சாதனைதான்."