திகதியோடு ஒரு பாட்டு

“மாத்தயா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ல குண்டு வெடிச்சப்ப என் மகன் வீட்டுல பாடிக்கிட்டு இருந்தான். அந்தப் பாட்டு இதுல இருக்கு, தேதியோட.”

கம்பளையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த பழைய லெப்டொப்பைப் பொலிஸ் நிலைய மேசையில் வைத்தேன். கசட்டை விட்டுவிட்டு அந்த மாதம்தான் அதில் பாட்டுப் பதியத் தொடங்கியிருந்தோம்.

இன்ஸ்பெக்டர் முழுப் பாட்டையும் கேட்டார். “நல்லா பாடுறான். தேதி சரின்னா இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.”

கம்பிக்குப் பின்னால் என் மகன் தயாளன் எழுந்து நின்றான்.

அவர் திரையைப் பார்த்தார். “இது 2008. இதுல 2002 ஜனவரி ஒண்ணுன்னு இருக்கே?”

“இதுல மணிக்கூடு ஓடலபோல மாத்தயா. எனக்குத் தெரியாமப் போச்சு.”

“அப்ப நான் என்ன செய்ய?”

அன்றே அவனைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். அதன்பின் நான் அவனைப் பார்க்கவேயில்லை.

கசட் காலத்தில் இருபது வருடமும் வானொலியின் ஆறு மணிச் செய்தியைக் கொஞ்சம் பதிந்துவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குவோம். நாளும் நேரமும் அதிலேயே இருக்கும். அந்த வெள்ளிக்கிழமையும் நான் வானொலியைத் திருகினேன். தயாளன்தான் சிரித்துக்கொண்டே அதை நிறுத்தினான்.

“அந்த இரைச்சல் எதுக்குப்பா? இனிமே தேதிய கொம்பியூட்டரே எழுதிக்கும்.”